அர்ச்சுனன் வூட்டுக் குறி

ஜவ்வாது மலையில் அர்ச்சுனனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் குடிக்கக் கொடுத்த மோரை, "நீங்க ஒரு வாய் குடிச்சிட்டுக் குடுங்க" என்று பெண்ணின் அப்பனிடமே திருப்பி நீட்டியவன் அவன். தன் கோழி பக்கத்து வீட்டில் போய் முட்டையிடுகிறதோ என்று அதன் பின்னாலேயே ஒரு பகல் பூராவும் நடந்தவன். கோழி வெறுத்துப்போய் அன்றைக்கு முட்டையே போடவில்லை என்பார்கள். அப்படியும் அவனுக்குப் பெண் கொடுத்தார்கள். கட்டிக்கொண்டு வந்த மங்கம்மாள், சந்தைக்குப் போய் வந்தால் அவன் கேட்பதற்கு முன்பே பையைத் தலைகீழாகக் கொட்டிக் காட்டப் பழகிக்கொண்டாள். பாவம், வேறு என்ன செய்வாள்?

இப்படிப்பட்ட ஆளுக்குக் காவல் வேலை கிடைத்தால் கேட்க வேண்டுமா! எழுபதுகளின் கடைசியில் அவன் ஊர் எல்லையில் ஒரு சந்தன டிப்போ திறந்தார்கள். வன இலாகா ரேஞ்சர் தேவராஜ் ஊருக்குள் வந்து, நம்பிக்கையான ஆள் ஒருத்தர் வேண்டும் என்று கேட்டார். ஊர்த் தலைவர், அதாவது ஊர்க்கவுண்டர், கோபால்சாமி யோசிக்கவேயில்லை. "நம்பிக்கையான ஆளுங்க நெறைய பேரு இருக்காங்க சார். ஆனா யாரையும் நம்பாத ஆளு ஒருத்தன்தான் இருக்கான். அவன எடுத்துக்குங்க" என்றார். அர்ச்சுனன் காக்கிச் சட்டை போட்டது அப்படித்தான்.

டிப்போ வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காட்டில் பட்டுப்போன சந்தன மரங்களை வேரோடு தோண்டி, துண்டு போட்டு, மாட்டு வண்டியில் கொண்டுவருவார்கள். கேட்டில் மேஸ்திரி ராஜவேலு ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் சொல்வான். அடிவாரத்து ஊர்க்காரன், குத்தகைக்காரர் வைத்த ஆள், எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிறவன். அவன் சொல்லச் சொல்ல அர்ச்சுனன் கட்டையின் மேல் முத்திரைச் சுத்தியால் ஓர் அடி அடித்து, பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதுவான். மறுநாள் பெண்கள் உட்கார்ந்து வாச்சியால் கட்டையைச் செதுக்குவார்கள். மேலே இருக்கிற வெள்ளை மரத்துக்கு மணமும் கிடையாது, விலையும் கிடையாது. அதைச் செதுக்கித் தள்ளினால் உள்ளே கருத்த சேகு வரும். மணப்பது அதுதான், லாரி ஏறிக் கீழே போவதும் அதுதான்.

இதில் ஒரு கோளாறு உண்டு. முத்திரையும் எண்ணும் இருப்பது மேலே, வெள்ளையில். வாச்சி பட்டதும் அது சில்லுச் சில்லாகப் போய்விடும். அதற்கப்புறம் இந்தச் சேகு எந்த மரத்துச் சேகு, எந்த வண்டியில் வந்தது, யார் தோண்டியது என்று கேட்டால் படைத்தவனுக்கும் தெரியாது. இத்தனை எண் உள்ளே வந்தது, இத்தனை எண் செதுக்கியாயிற்று, கணக்கு முடிந்தது. எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது.

செதுக்கித் தள்ளிய வெள்ளைச் சில்லைப் பெண்கள் அடுப்புக்கு எடுத்துப் போகலாம் என்று ரேஞ்சர் அனுமதி கொடுத்திருந்தார். அங்கேதான் அர்ச்சுனன் ராஜ்யம். சாயங்காலம் கேட்டில் நின்று, ஒவ்வொருத்தியின் கூடையையும் கீழே கொட்டச் சொல்லி, சில்லை அள்ளி அள்ளி முகர்ந்து பார்ப்பான். வெள்ளையோடு வெள்ளையாகச் சேகுத் துண்டு எதுவும் போய்விடக் கூடாதே! கூடை முடிந்ததும் மடியை உதறச் சொல்வான். கொண்டையைத் தட்டிக் காட்டச் சொல்வான். பெண்கள் அவன் காதுபடவே திட்டுவார்கள். அவனுக்கு உறைக்காது.

செதுக்குகிற பெண்களில் அம்மாக்கண்ணுவும் ஒருத்தி. அவள் வேறு யாருமில்லை, அவனுடைய சொந்த அண்ணன் சின்னக்குழந்தையின் மனைவி. சின்னக்குழந்தை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்துகிறவள். வீடு இவன் வீட்டுக்கு அடுத்த வீடு. அவளையாவது விட்டானா? மற்றவர்களை ஒரு தடவை உதறச் சொன்னால் அவளை இரண்டு தடவை உதறச் சொல்வான்.

"அண்ணியாச்சேன்னு வுட்டா நாளைக்கு ஊரே கேக்கும்" என்பான்.

"கேக்கட்டும். நீ பாரு" என்பாள் அவள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அண்ணன் பெண்டாட்டியை ஊர் பார்க்க மடியை உதறச் சொல்கிறவனை என்னவென்று சொல்வது? நல்ல வார்த்தை ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை.

இங்கே குறியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த மலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. காட்டுக்குள் இருக்கிற புளிய மரத்தில், ஏர்க்காலில், உரலில், உலக்கையில் அந்த வீட்டுக் குறியை வெட்டி வைப்பார்கள். குறி இருந்தால் அது அந்த வீட்டுப் பொருள். அதற்கு மேல் பேச்சே கிடையாது. புளியம்பழம் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தாலும் வேறு வீட்டுக் குறி போட்ட மரத்தடியில் யாரும் குனியமாட்டார்கள். அதே போல, தனக்குச் சொந்தமில்லாத பொருளில் தன் குறியை வெட்டினவன் என்று ஒருத்தனையும் அந்த மலை பார்த்ததில்லை. குறியை நெருப்பில் போடவும் கூடாது. ஏர் உடைந்துபோனால்கூடக் குறி இருக்கிற துண்டை மட்டும் அறுத்தெடுத்து மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை எரிப்பார்கள். அர்ச்சுனன் வீட்டுக் குறி இரண்டு நேர்வெட்டு, அதற்குக் கீழே ஒரு சாய்வெட்டு. அப்பன் வழியாக வந்தது. அண்ணனுக்கும் அதே குறி, அண்ணன் பிள்ளைகளுக்கும் அதே குறி.

டிப்போ திறந்து ஒரு வருஷம் ஆன சமயத்தில் அர்ச்சுனனின் மூக்கு வேர்க்க ஆரம்பித்தது. முதல்நாள் சாயங்காலம் தன் கையால் எண் போட்ட கட்டை ஒன்று அவன் தொடைத் தண்டி இருந்தது. மறுநாள் காலையில் செதுக்குகிற இடத்தில் பார்த்தால் முழங்கைத் தண்டிதான் இருக்கிறது. எண் அதே எண், சிவப்பு அதே சிவப்பு. மனுஷன் ஒரே ராத்திரியில் இளைத்தாலும் இளைக்கலாம், மரம் இளைக்குமா?

அவன் குனிந்து குனிந்து பார்த்தான். கையெழுத்து தன்னுடையது மாதிரியும் இருந்தது, இல்லாதது மாதிரியும் இருந்தது. யாராக இருக்கும்? பெயிண்ட் டப்பாவும் சுத்தியும் ராஜவேலுவின் பெட்டியில் இருக்கின்றன, ராத்திரி டிப்போவில் படுக்கிறவனும் அவன்தான். சரி, ராஜவேலு. ஆனால் ரேஞ்சர் தேவராஜ் போன வாரம் ராஜவேலுவின் தோளில் கைபோட்டுப் பேசினாரே, அது எதற்கு? வண்டிக்காரன் வேடியப்பன் திடீரென்று புது வேட்டி கட்டிக்கொண்டு திரிகிறானே, அது எப்படி? செதுக்குகிற பெண்கள் தன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்களே? அண்ணி ஏன் கொஞ்ச நாளாகத் தன்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்? நாள் முழுக்க யோசித்து, கடைசியில் நாமே தப்பாக எழுதிவிட்டோமோ என்று தன்மேலேயே சந்தேகப்பட்டான். எமகாதகன், அதோடாவது நின்றானா என்றால் அதுவுமில்லை.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ரேஞ்சரிடம் சொன்னால், அவரும் கூட்டாக இருந்துவிட்டால்? ஊர்க்கவுண்டரிடம் சொன்னால் ஊருக்குத் தெரியும். மங்கம்மாளிடம் சொன்னால் அவள் அம்மா வீட்டுக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று யார் கண்டது? ஆகவே அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மடியில் ஒரு சின்னக் கத்தியைச் செருகிக்கொண்டான். கட்டைமேல் குனிந்து எண் எழுதும்போது, தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, எண்ணுக்குப் பக்கத்திலேயே கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் அடையாளம் வெட்டினான்.

என்ன அடையாளம் வெட்டினான் என்கிறீர்கள்? தன் வீட்டுக் குறியைத்தான் வெட்டினான். மலைக்காரன் கையில் கத்தியும் மரமும் கிடைத்தால் வேறு எதை வெட்டுவான்? அந்தக் கைக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். அவனும் ஒரு கணக்கோடுதான் செய்தான். அடிவாரத்து ஆளுக்கு அது கோடாலிக் கீறல் மாதிரி தெரியும், கண்டுகொள்ளமாட்டான். மலைக்காரனுக்குக் குறி என்று தெரியும், ஆனால் அடுத்த வீட்டுக் குறியைச் செத்தாலும் வெட்டமாட்டான். முத்திரையைத் திருடலாம், பெயிண்டைத் திருடலாம், இதை யாராலும் திருட முடியாது. இப்படி நினைத்து அவனுக்கு அவனே சபாஷ் போட்டுக்கொண்டான்.

குறி வேலை செய்தது, அதில் சந்தேகமில்லை. வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள், காலையில் போய்ப் பார்த்தால் சில கட்டைகளில் எண் இருக்கும், குறி இருக்காது. அதெல்லாம் சேகு பிடிக்காத பிஞ்சுக் கட்டை. நல்ல கட்டையை எடுத்துக்கொண்டு, அதே எண்ணைப் பிஞ்சுக் கட்டையில் எழுதி வைத்துவிடுகிறார்கள். விஷயம் வெட்டவெளிச்சம். அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவனுக்குக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதுவும் தனி ஆளாகப் பிடிக்க வேண்டும். ராஜவேலு மட்டும்தானா, கூட யார் யார் என்று தெரிய வேண்டும். இன்னும் கொஞ்சம் போகட்டும், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நாளைக் கடத்தினான். அந்த மழைக்காலமே அப்படிப் போயிற்று.

அவன் பிடிப்பதற்கு முன்னால் ரேஞ்சர் பிடித்துவிட்டார். கலசப்பாக்கம் பக்கத்தில் ஒரு வைக்கோற்போருக்குள் சந்தனக் கட்டைகள் இருப்பதாக யாரோ துப்புச் சொல்ல, தேவராஜ் போய்ப் போரைப் பிரித்து, கட்டைகளை ஜீப்பில் போட்டு டிப்போவுக்கே கொண்டுவந்துவிட்டார். நல்ல பருத்த, வெள்ளையைச் செதுக்காத கட்டைகள். முத்திரை இருந்த இடத்தையும் எண் இருந்த இடத்தையும் செதுக்கி எடுத்திருந்தார்கள். ஊரே கூடிவிட்டது. ஊர்க்கவுண்டர் கோபால்சாமி வந்தார். செதுக்குகிற பெண்கள் வாச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். அர்ச்சுனனுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மாட்டினானா ராஜவேலு என்று மேஸ்திரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தேவராஜ் ஒரு கட்டையைத் திருப்பிப் போட்டார். "எண்ணையெல்லாம் செதுக்கிட்டானுங்க. இது எந்த டிப்போ மரம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இது என்ன, பக்கத்துல மூணு வெட்டு? எல்லாக் கட்டையிலயும் இருக்கே!"

வண்டிக்காரன் வேடியப்பன் எட்டிப் பார்த்தான். கள்ளங்கபடம் தெரியாதவன். ரேஞ்சருக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் உரக்கச் சொன்னான்: "சார், இது நம்ம அர்ச்சுனன் வூட்டுக் குறி சார்!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"குறின்னா?" என்று கேட்டார் தேவராஜ்.

கோபால்சாமிதான் பதில் சொன்னார். சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொன்னார். "எங்க மலையில, குறி யாருதோ பொருளு அவங்குளுது சார். எங்கப்பன் காலத்துலேந்து இப்படித்தான்."

ராஜவேலு எச்சிலைத் துப்பிவிட்டு முன்னால் வந்தான். "பாத்தீங்களா சார்? பொம்பளைங்க மடிய உதறிப் பாத்துக்கினே இவன் வேலைய முடிச்சிட்டு இருந்திருக்கான். தன்னுதுன்னு அடையாளம் வேற போட்டு அனுப்பியிருக்கான் பாருங்க!"

"இல்ல சார்! சத்தியமா இல்ல சார்!" அர்ச்சுனனுக்கு வாய் குழறியது. "கட்டைய மாத்தறாங்க சார். அதக் கண்டுபுடிக்கத்தான் நானு குறி போட்டேன். உள்ள வந்த கட்ட எல்லாத்துலயும் போட்டேன் சார்."

"எல்லாத்துலயும் போட்டியா? காட்டு" என்றார் தேவராஜ்.

காட்டுவதற்கு என்ன இருந்தது? காட்டுக்குள் போகிற மண்பாதை கடைசி மழையில் அரித்துப்போய் அந்த வாரம் ஒரு மாட்டு வண்டியும் வரவில்லை. இருந்த கட்டையெல்லாம் செதுக்கியாயிற்று. சேகு மட்டும் வழுவழுவென்று அடுக்கிக் கிடந்தது. அதில் எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை, குறியும் இல்லை. உலகத்தில் அவன் வெட்டிய குறி மிச்சம் இருந்தது திருட்டுக் கட்டையில் மட்டும்தான்.

"யார்கிட்டயாவது சொன்னியா? உன் சம்சாரத்துக்குத் தெரியுமா?"

மங்கம்மாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். தெரியும் என்று சொல்லிவிடலாமா என்று அவள் முகம் தவித்தது. ஆனால் எதைத் தெரியும் என்று சொல்வாள்? அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டான்.

கோபால்சாமி அவன் எதிரில் வந்து நின்றார். "டேய் அர்ச்சுனா, நீ ஜெயிலுக்குப் போறதும் வர்றதும் சர்க்கார் பாடு. நான் அதக் கேக்கல. இந்தக் குறி காட்டுல எத்தினி மரத்துல இருக்குது. நாளைக்கு அந்த மரத்தப் பாக்கறவன் இன்னா சொல்லுவான்? திருட்டு மரம்னு சொல்லுவான். உங்கண்ணன் புள்ளைங்க அந்தக் குறிய வெச்சிக்கினு இந்த மலையில எப்படிப் பொழைக்கும்? அதுக்கு பதிலு சொல்லு."

செதுக்குகிற பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அந்தக் குறியைத் தினமும் வாச்சியால் செதுக்கித் தள்ளியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? அர்ச்சுனன் அவர்கள் முகத்தைப் பார்த்தான். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவேண்டும்? நேற்றுச் சாயங்காலம் வரை கொண்டையைத் தட்டிக் காட்டச் சொன்னவனுக்காகவா?

அப்போதுதான் அவன் அதைச் செய்தான். பயம் ஒரு மனுஷனை எவ்வளவு கீழே தள்ளும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கையை நீட்டி அம்மாக்கண்ணுவைக் காட்டினான்.

"அந்தக் குறி எனக்கு மட்டும் சொந்தமில்ல சார். எங்கண்ணிக்கும் அதே குறிதான். அவங்களுந்தான் இங்க வேல செய்றாங்க. அவங்களக் கேளுங்க சார்! எனக்கு அப்பவே சந்தேகம்!"

மங்கம்மாள், "அய்யோ பாவி!" என்று வாயிலும் தலையிலும் அடித்துக்கொண்டாள். அம்மாக்கண்ணு மட்டும் அசையவில்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கேட்டைத் தாண்டி நடந்தாள்.

"பாருங்க சார், ஓடறாங்க!" என்று கத்தினான் அர்ச்சுனன்.

"வாய மூடுறா" என்றார் கோபால்சாமி.

அம்மாக்கண்ணு ஓடவில்லை. வீட்டுக்குப் போய், பரண்மேல் இருந்த ஒரு பெரிய கூடையை இறக்கி, தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ரேஞ்சரின் காலடியில் கூடையைக் கவிழ்த்தாள். வெள்ளைச் சில்லு குவியலாக விழுந்தது. தேவராஜ் ஒன்றை எடுத்தார். இரண்டு நேர்வெட்டு, கீழே ஒரு சாய்வெட்டு, பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் பாதி எண். இன்னொன்றை எடுத்தார். அதிலும் அதே குறி, வேறு எண். குவியல் முழுக்க அப்படித்தான் இருந்தது.

"அடுப்புக்கு எடுத்துக்கினு போன சில்லுங்க சார்" என்றாள் அம்மாக்கண்ணு. "எங்க வூட்டுக் குறி இருந்துச்சி. குறிய நெருப்புல போடக்கூடாது. அதான் எடுத்து பரண்மேல வெச்சேன். மத்தவங்க செதுக்கற கட்டையிலயும் இருந்துச்சி, கேட்டு வாங்கிக்கினேன். நெதமும் இவன்தான் கேட்டுல மோந்து பாத்து அனுப்புவான்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேடியப்பன் என்று நினைக்கிறேன். அர்ச்சுனனின் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை சில்லும் அவன் கைவழியாகத்தான் போயிருக்கிறது. சேகு மணக்கிறதா என்று மூக்கை வைத்தானே தவிர, தான் வெட்டிய குறி தன் கண்ணெதிரிலேயே போவதை அந்த மடையன் ஒரு நாளும் பார்க்கவில்லை.

"எல்லாக் கட்டையிலயும் குறி இருந்துச்சா?" என்று கேட்டார் தேவராஜ்.

"இல்ல சார். நடுவுல நடுவுல குறி இல்லாத கட்ட வரும். அதெல்லாம் பிஞ்சு மரம், செதுக்கனா உள்ள ஒண்ணுமே இருக்காது. இவளுங்களயும் கேட்டுப் பாருங்க."

இப்போது மற்றப் பெண்களும் வாயைத் திறந்தார்கள். ஆமாம் சார், ஆமாம் சார் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அர்ச்சுனனுக்காகப் பேசவில்லை, அம்மாக்கண்ணுவுக்காகப் பேசினார்கள்.

தேவராஜுக்குப் புரிந்துவிட்டது. குறி போட்ட கட்டை கேட் வழியாக எண் வாங்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. உள்ளேயிருந்து யாரோ அதைக் கடத்தி, பிஞ்சுக் கட்டையில் அதே எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். பெயிண்ட் யாரிடம் இருக்கிறது, லாரியில் சேகு ஏற்றுவது யார் என்று கேட்டுக்கொண்டே அவர் திரும்பினார். ராஜவேலுவைக் காணோம். கூடையைக் கவிழ்த்தபோதே ஆள் கம்பி நீட்டிவிட்டான். மலைக்கு வருவது ஒரே ஒரு பஸ், அதுவும் அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு வந்து தொலைத்திருக்கிறது. செங்கத்தில் இறங்கி ஒளிந்துகொண்டவனைப் போலீஸ் அப்புறம் தேடிப் பிடித்தது.

"இதை முன்னாலயே ஏம்மா சொல்லல?" என்று தேவராஜ் அம்மாக்கண்ணுவைக் கேட்டார்.

"நானும் இவன் திருடறான்னுதான் நெனச்சேன் சார்" என்றாள் அவள். "தன்னுதுன்னு அடையாளம் போட்டு வெச்சிட்டு, பின்னால வந்து எடுத்துக்கினு போவான்னு நெனச்சேன். மாட்டிக்கினா எம் புள்ளைங்க குறிக்குத்தான் அசிங்கம். அதான் வாய மூடிக்கினு இருந்தேன். எப்ப வந்து எடுப்பான்னு பாத்துக்கினே இருந்தேன்."

அர்ச்சுனன் குனிந்து, சிதறிக் கிடந்த சில்லைக் கூடையில் பொறுக்கிப் போட ஆரம்பித்தான்.

தேவராஜ் நல்ல மனிதர், திட்டவேண்டியதைத் திட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து புது முறை வந்தது. வெள்ளையில் வாச்சி வைப்பதற்கு முன்னால், செதுக்கப்போகிற பெண்ணும் காவல்காரனும் பக்கத்தில் நிற்க, கட்டையின் எண்ணை உரக்கப் படிக்க வேண்டும். செதுக்கி முடித்த கையோடு அதே எண்ணைச் சேகின் இரண்டு தலைப்பிலும் இரும்பு அச்சால் அடிக்க வேண்டும். காட்டில் தோண்டிய குழியிலிருந்து லாரி வரைக்கும் ஒரே எண்தான். எங்கே மாறினாலும் தெரிந்துவிடும். அர்ச்சுனனின் வேலை போகவில்லை. ரேஞ்சர் அவன் குறியையே டிப்போ அடையாளமாக வைத்துக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டார். கோபால்சாமி கையெடுத்துக் கும்பிட்டு, "அது மட்டும் வேணாம் சார்" என்று சொல்லிவிட்டார்.

ஊர் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. குறியும் தப்பித்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அர்ச்சுனன் நினைத்தான். அண்ணியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஆனால் அவள் வீட்டு வாசல்வரை போவான், திரும்பிவிடுவான். என்ன சொல்வது என்று தெரியாது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் அது.

ஒரு நாள் மங்கம்மாள் மூச்சிரைக்க வந்தாள். "இன்னாய்யா இங்க உக்காந்துக்கினு இருக்க! அண்ணி காட்டுல நம்ம குறிய வழிச்சிக்கினு இருக்காங்க!"

அவன் ஓடினான். சரிவில் இருந்த புளிய மரங்களில் அண்ணன் பங்கு மரத்தின் முன்னால் அம்மாக்கண்ணு நின்றுகொண்டிருந்தாள். வாச்சியால் பட்டையோடு சேர்த்துப் பழைய குறியை வழித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு குறி வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வட்டம், நடுவில் ஒரு வெட்டு. அவள் பிள்ளைகளில் மூத்தவன் பக்கத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அண்ணி, இன்னா பண்றீங்க?" அர்ச்சுனன் கீழே கிடந்த குறிப்பட்டையைக் கையில் எடுத்தான். "அதான் திருட்டு இல்லன்னு ஆயிடுச்சே. ஊரே ஒத்துக்கிச்சே. அப்புறம் எதுக்கு வேற குறி? அன்னிக்கி நான் பேசனது தப்புதான். பயத்துல பேசிட்டேன். காலுல வேணா வுழறேன்."

"காலுல எல்லாம் வுழ வேணாம்." அவள் வாச்சியை நிறுத்தினாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "நீ திருடலன்னு எனக்கும் தெரியும். குறி மேல திருட்டு ஒட்டல. ஆனா ஒண்ணு சொல்லு. அந்தச் சில்லுல குறியப் பாத்த அன்னிக்கே அடுத்த வூட்டுல இருக்கற உங்கிட்ட வந்து, இன்னா தம்பி இதுன்னு ஒரு வார்த்த கேட்டுருக்கலாமில்ல நானு? கேக்கலியே. எத்தினி நாளு உன்னத் திருடன்னு நெனச்சிக்கினு, நீ எப்ப எழுந்திருக்கற, எங்க போற, யாரோட பேசறன்னு ஒளிஞ்சி ஒளிஞ்சி பாத்தேன் தெரியுமா? உங்கண்ணன் இருந்தப்ப நான் இப்படி இல்ல. இந்தப் பசங்களும் இப்ப கேக்குதுங்க, சித்தப்பா இன்னாத்த ஒளிச்சி வெச்சிருக்குன்னு. உன்ன மாதிரியே ஆயிடுவோம்னு பயமா இருக்குது எனக்கு. அதான் வேற குறி."

அர்ச்சுனனுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. துடைக்கவும் தோன்றவில்லை.

"புளி உலுக்க இந்த வருஷம் நீ வர வேணாம். நாங்களே பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் குனிந்து வெட்ட ஆரம்பித்தாள். மூத்தவன் சித்தப்பாவைப் பார்க்காமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் குறி முடிந்ததும் இருவரும் அடுத்த மரத்துக்குப் போனார்கள். அர்ச்சுனன் இருட்டும்வரை அங்கேயே நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினான்.